பியானோ பிளாக் பேனலில் மெல்லிய கீறல்கள்: எப்படி எடுப்பது, எங்கே நிறுத்துவது

கியர் லீவரைச் சுற்றி, ஏசி வென்ட்டுகளின் ஓரத்தில், கதவில் ஜன்னல் சுவிட்சுகள் இருக்கும் இடத்தில் பளபளவென்று ஒரு கறுப்பு பிளாஸ்டிக் இருக்கும். பியானோ பிளாக் என்பது அதைத்தான். வண்டி புதிதாக இருக்கும்போது அதில் முகம் பார்க்கலாம். சில மாதம் போனதும், வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் பாருங்கள், மயிரிழை மயிரிழையாகக் கீறல் ஓடியிருக்கும். யாரும் சாவியால் கிழித்திருக்க மாட்டார்கள், நாணயத்தை உரசியிருக்க மாட்டார்கள். பெரும்பாலும் துடைத்துத் துடைத்தே வந்த கீறல்கள் அவை.

காருக்குள் படிகிற தூசியில் மணல் துகளும் உண்டு. மணலில் இருக்கும் குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவில் 7. இந்த பேனல்கள் செய்யப் பயன்படும் ஏபிஎஸ், அக்ரிலிக், பாலிகார்பனேட் எதுவும் அதற்குப் பக்கத்தில்கூட வராது. காய்ந்த துணியை எடுத்துத் தூசியோடு சேர்த்து அழுத்தித் துடைத்தால், பேனலுக்கு உப்புத்தாள் போட்டதாகத்தான் கணக்கு.

கறுப்பில் மட்டும் ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, வேலையைச் சோதிக்கும்போது உதவும். வெளிர் நிற பேனல் தன் மேல் விழும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அந்த வெளிச்சத்தில் கீறல் கரைந்துவிடும். பளபளப்பான கறுப்போ, விழுந்த ஒளியில் சிறு பங்கை ஒரே திசையில் திருப்பிவிட்டு மீதியை விழுங்கிவிடுகிறது. அந்த இருட்டில் கீறலின் விளிம்பில் பட்டுத் தெறிக்கும் துளி வெளிச்சம்கூட வெள்ளைக் கோடாகத் தெரியும். எல்இடி டார்ச் அடித்தால் கீறல்கள் வட்டம் வட்டமாகத் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். உண்மையில் அவை எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. ஒளிப்புள்ளியைச் சுற்றி வட்டப்போக்கில் அமைந்தவை மட்டும் அந்தக் கணத்தில் நம் கண்ணுக்கு ஒளியைத் திருப்புகின்றன. டார்ச்சை நகர்த்துங்கள், வட்டமும் கூடவே நகரும். ஆகவே வேலை முடிந்ததா என்று பார்க்க ஒற்றைப் புள்ளி வெளிச்சம் வேண்டும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் எல்லா பேனலும் நன்றாகத்தான் தெரியும்.

முதலில் பேனலின் வகை

பாலிஷ் பாட்டிலைத் திறக்கும் முன் பேனல் எந்த வகை என்று தெரிய வேண்டும். இதைச் செய்யாமல் தொடங்குகிறவர்கள்தான் பேனலைக் கெடுக்கிறார்கள்.

ஒரு வகை, நிறத்தோடு வார்த்தது. பிளாஸ்டிக்கே கறுப்பு; கண்ணாடிபோல் மெருகேற்றிய அச்சிலிருந்து அப்படியே பளபளப்பாக வெளியே வருகிறது, மேலே பூச்சு எதுவும் கிடையாது. இன்னொன்று பெயின்ட் அடித்து மேலே க்ளியர் கோட் என்ற நிறமற்ற காப்புப் பூச்சு ஏற்றியது, அல்லது புற ஊதா ஒளியில் இறுக்கிய ஹார்டு கோட் பூசியது. மூன்றாவது, அச்சிலேயே பிலிம் வைத்து வார்த்தது. மர டிசைன், கார்பன் டிசைன் பேனல்களில் இது அதிகம்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. கண்ணில் படாத மூலை ஒன்றை நன்றாகச் சுத்தம் செய்யுங்கள். வெள்ளை மைக்ரோஃபைபர் துணியில் ஒரு துளி பாலிஷ் எடுத்து லேசாகப் பத்துத் தடவை தேயுங்கள். துணியில் கறுப்பு ஏறினால் நிறமே வெளியே இருக்கிறது என்று பொருள், பூச்சில்லாத பிளாஸ்டிக். வெள்ளையாகவே இருந்தால் மேலே க்ளியர் இருக்கிறது. சுத்தம் செய்யாமல் சோதித்தால் அழுக்கும் கறுப்பாகத்தான் வரும், ஏமாந்துவிடாதீர்கள்.

பூச்சில்லாத பிளாஸ்டிக்கில் "அடி வரை தேய்ந்துவிடுமோ" என்ற பயம் வேண்டாம், உள்ளே முழுக்க அதே கறுப்புதான். ஆனால் மென்மையானது, சூட்டில் இளகும், சுலபமாக மங்கும். க்ளியர் கோட் உள்ளது சற்று உறுதியானது, ஆனால் அந்த அடுக்கு மெல்லியது. காரின் வெளிப்புறத்திலேயே க்ளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான். பேனலின் வளைவு முனைகளில் அது இன்னும் மெலிந்திருக்கும். முனையில் தேய்ந்து போனால் பாலிஷ் போட்டு மீட்க முடியாது, மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

சில இடங்களில் பாலிஷ் போடவே கூடாது. தொடுதிரையில் எண்ணெய்ப்பசை ஒட்டாத பூச்சும், கண் கூசாமல் இருக்கும் பூச்சும் இருக்கும். பாலிஷ் அவற்றைத் திட்டுத் திட்டாக எடுத்துவிடும். பட்டன்களில் உள்ள குறியீடுகள் பல வண்டிகளில் மேலே அச்சிட்டவை, தேய்த்தால் எழுத்து போய்விடும். குரோம் பூச்சு மிக மெல்லியது. மேட், சாட்டின் ஃபினிஷ் பேனலில் பாலிஷ் பட்டால் அந்த இடம் மட்டும் மினுங்க ஆரம்பிக்கும், அதைத் திரும்ப மேட் ஆக்க வழியில்லை.

தூசியை எடுப்பதுதான் பாதி வேலை

முதலில் காற்று. கேமரா லென்ஸுக்குப் பயன்படுத்தும் ரப்பர் ப்ளோயர் போதும். அதன் பிறகு மிக மென்மையான பிரஷ்ஷால், அழுத்தாமல், பேனலின் மேல் கிடப்பதைத் தள்ளிவிடுங்கள். பட்டன் இடுக்குகளில் இருந்து வெளியே வரும் துகள்தான் பாலிஷ் போடும்போது நடுவில் மாட்டிக்கொண்டு புதுக் கீறல் போடும். அதனால் இடுக்குகளை முதலில் முடித்துவிட்டுப் பரப்புக்கு வாருங்கள்.

பிறகு ஈரத் துணி. அரை லிட்டர் தண்ணீரில் சில துளி மிதமான ஷாம்பூ கலந்து, துணியில் தெளியுங்கள், பேனலில் அல்ல. சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்கினால் வேறு செலவு. துணி ஓரம் தைக்காததாகவும் குட்டை இழையாகவும் இருக்கட்டும். நான்காக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகத்தில் ஒரு இழுப்பு, உடனே அடுத்த முகத்துக்குத் திருப்புங்கள். துணியில் லேபிள் இருந்தால் வெட்டி எறியுங்கள். அந்த விறைப்பான லேபிள் ஒன்றே போதும் நீளக் கோடு போட.

டிஷ்யூ பேப்பர் வேண்டாம், கறை எடுக்க விற்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்ச் வேண்டவே வேண்டாம். அது தொட்டால் மெத்தென்று இருக்கும். ஆனால் கடினமான பிசினால் ஆன நுண்ணிய வலைதான் அது, பளபளப்பை நிமிடத்தில் மங்கடித்துவிடும். அமோனியா கலந்த கண்ணாடி க்ளீனரும் கூடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் செறிவாகப் பயன்படுத்தினால் அக்ரிலிக்கிலும் பாலிகார்பனேட்டிலும் நுண் வெடிப்புகள் விடலாம். வார்க்கும்போது பிளாஸ்டிக்குக்குள் இறுகி நின்ற அழுத்தம், ஆல்கஹால் பட்டதும் மூலைகளிலும் கிளிப் இருக்கும் இடங்களிலும் வெடிப்பாக வெளியே வருகிறது. தேவைப்பட்டால் 10 முதல் 15 சதவீதம் வரை தண்ணீரில் நீர்த்து, துணியில் தொட்டு ஒரே ஒரு முறை துடையுங்கள். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். கீறல் என்று நினைத்ததில் ஒரு பகுதி, முன்பு பளபளப்புக்காகப் பூசிய டிரஸ்ஸிங் திரவத்தின் எண்ணெய்க் கோடாகவே இருந்திருக்கும். மீதிக் கீறல்களின் மேல் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் அந்தக் கீறல் பாலிஷில் முழுதாகப் போகாது. தடுக்காதவை எல்லாம் போகக்கூடியவை.

கையால் போடுவது

சிறிய பேனலுக்குக் கையே போதும், பழக்கமில்லாதவர்களுக்கு அதுதான் பாதுகாப்பும்கூட. முதலில் சுற்றியுள்ள மேட் பிளாஸ்டிக், தையல், தோல் எல்லாவற்றையும் ஒட்டும் திறன் குறைந்த மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் பாலிஷ் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக நின்றுவிடும். பிறகு மென்மையான பிரஷ்ஷும் நீர்த்த ஆல் பர்பஸ் க்ளீனருமாக உட்கார்ந்து எடுக்க வேண்டும்.

பாலிஷில் ஃபினிஷிங் வகையை, அதாவது மிக நுண்ணிய துகள் உள்ளதை மட்டும் தேர்ந்தெடுங்கள். மெகுயர்ஸ் எம்205, மென்ஸெர்னா 3800, பிளாஸ்டிக்குக்கென்றே வரும் மெகுயர்ஸ் பிளாஸ்டெக்ஸ், நோவஸ் 2 போன்றவை இந்த வேலைக்குச் சரியாக வரும். நோவஸில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்: 1 சுத்தம் செய்து மினுக்க, 2 மெல்லிய கீறலுக்கு, 3 ஆழமான கீறலுக்கு. 3 போட்டால் அதன் பிறகு 2 போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மங்கலாக நிற்கும். பற்பசையைப் பரிந்துரைக்கிறவர்கள் நிறைய. அதில் தேய்க்கும் துகள் இருப்பது உண்மைதான், ஆனால் பல்லின் எனாமலுக்காகச் செய்த துகள் அது. பிளாஸ்டிக்கில் கீறலை எடுத்த இடத்தில் மங்கலை வைத்துவிட்டுப் போகும்.

மென்மையான ஃபோம் அப்ளிகேட்டரில் தீக்குச்சித் தலை அளவில் மூன்று துளி. ஒரே நேரத்தில் 5 செ.மீ.க்கு 5 செ.மீ. இடம், அதற்கு மேல் வேண்டாம். பேனலின் நீளவாக்கில் நேர்கோட்டில் போய் வாருங்கள், அடுத்து குறுக்குவாக்கில். ஃபோம் லேசாக அமுங்கினால் போதும். துணியை விரலில் சுற்றிக்கொண்டு தேய்க்காதீர்கள். அழுத்தம் முழுக்க விரல் நுனியில் குவிந்து, அந்த அகலத்துக்குப் பள்ளமாகவும் அலையாகவும் தெரியும். அழுத்தி வேகமாக முடிப்பதைவிட, அழுத்தாமல் இன்னொரு சுற்று போடுவதே எப்போதும் நல்லது.

எவ்வளவு நேரம் என்பது பாலிஷைப் பொறுத்தது. மென்ஸெர்னா வகையில் துகள்கள் தேய்க்கத் தேய்க்கச் சிறியதாக உடையும். பாலிஷ் கண்ணாடிபோல் தெளிந்த படலமாகும் வரை போக வேண்டும், பாதியில் நிறுத்தினால் பெரிய துகள்களின் தடம் நிற்கும். எம்205-இல் துகள் உடைவதில்லை, ஒரே அளவில் இருக்கும். அங்கே நேரத்தைவிட ஈரம் முக்கியம், காயும் முன் நிறுத்திவிட வேண்டும். காருக்குள் சூடாக இருந்தால் எந்த பாலிஷும் சீக்கிரம் காயும். நிழலில், பேனலைத் தொட்டால் குளுமையாக இருக்கும்போது வேலை செய்யுங்கள்.

இப்போது முக்கியமான இடம். பாலிஷை நன்றாகப் போட்டுவிட்டு, அதைத் துடைத்தெடுக்கும்போது பலர் புதுக் கீறல் போட்டுவிடுகிறார்கள். எஞ்சிய பாலிஷிலும் தேய்ப்புத் துகள் இருக்கிறது. காய்ந்த துணியால் உரசினால் அது மென்மையான பிளாஸ்டிக்கில் கோடு போடும். புதுத் துணியில் தண்ணீரோ, குயிக் டீட்டெய்லர் என்ற வழுக்கலான துடைப்பு ஸ்ப்ரேயோ லேசாகத் தெளித்து, துணியின் எடை மட்டும் படும்படி ஒரு திசையில் இழுத்து எடுங்கள். அடுத்த முகத்துக்குத் திருப்பி மறுபடி. "பாலிஷ் போட்டேன், கீறல் குறையவே இல்லை" என்று சொல்கிறவர்களின் பேனலில் பெரும்பாலும் பழைய கீறல் போயிருக்கும். இப்போது தெரிவது கடைசித் துடைப்பில் வந்தது.

துடைத்ததும், நீர்த்த ஆல்கஹாலை ஒரு முறை தொட்டெடுத்துவிட்டு டார்ச் அடியுங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருக்கலாம். எண்ணெய் போன பிறகு தெரிவதுதான் உண்மையான நிலை. "டிரிம் ரெஸ்டோரர்" என்று விற்கும் பல திரவங்கள் இப்படி நிரப்புவதை மட்டுமே செய்கின்றன. இரண்டு முறை துடைத்ததும் கீறல் திரும்பி வருவது அதனால்தான்.

மெஷினில் போட்டால்

பெரிய சென்டர் கன்சோல் என்றால் ஒன்று அல்லது இரண்டு அங்குல ஃபோம் பேட் பொருத்திய சிறிய டூயல் ஆக்‌ஷன் மெஷின் (பேட் சுற்றிக்கொண்டே ஊசலாடும் வகை) வேலையைச் சீராக்கும். ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷினை இங்கே எடுக்காமல் இருப்பது நல்லது. காரணம் சூடு. இரும்புத் தகட்டில் உராய்வுச் சூடு பரவி ஓடிவிடும். பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்தும் திறன் இரும்பைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. பட்ட இடத்திலேயே சூடு ஏறிக்கொண்டு போகும். ஏபிஎஸ்ஸும் அக்ரிலிக்கும் சுமார் 105 டிகிரி செல்சியஸில் இளகும், பேனலில் கலந்துள்ள வகையைப் பொறுத்து அதற்கு முன்பேகூட. பேட் ஒரே இடத்தில் நின்றால் அந்த அளவை எட்ட நேரம் பிடிக்காது.

வேகம் குறைந்த எண்ணில். பேடை முதலில் பேனலில் வைத்து, பிறகு ஸ்விட்சைப் போடுங்கள். சுற்றும் பேடைக் கொண்டுபோய் வைத்தால் பாலிஷ் கூரை வரை தெறிக்கும். மெஷினின் எடையைத் தாண்டி அழுத்தம் வேண்டாம். மெதுவாக, ஒன்றன் மேல் ஒன்று பாதி படியும்படி நான்கைந்து தடவை. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுடக் கூடாது.

சூடு மீறியதற்கு அடையாளம் தெளிவாகவே தெரியும். பேட் ஒட்டிக்கொண்டு இழுப்பதுபோல் இருக்கும், பரப்பில் இழுவைத் தடம் விழும், அந்த இடம் நெளிந்து மங்கும். அதை பாலிஷால் எடுக்க முடியாது. ஹீட் கன் காட்டினால் கீறல் போய்விடும் என்ற யோசனையும் இதே காரணத்தால் ஆபத்து. பளபளப்பான பரப்பு ஒருமுறை நெளிந்தால் அதில் தெரியும் பிம்பம் கடைசி வரை நெளிந்தே தெரியும்.

கீறல் போய், பதிலாகப் பரப்பு முழுக்கப் பால் படிந்ததுபோல் மெல்லிய மங்கல் வந்தால் பதற வேண்டாம். மென்மையான பிளாஸ்டிக்கில் இது சகஜம். பேட் கடினமாக இருந்திருக்கும், பாலிஷ் கொஞ்சம் கரடாக இருந்திருக்கும், அல்லது பேடில் பழைய பாலிஷ் காய்ந்து இறுகியிருக்கும். புதிய, இன்னும் மென்மையான பேட், இன்னும் நுண்ணிய பாலிஷ், இன்னும் குறைந்த அழுத்தம். ஒரே சுற்றில் தெளிந்துவிடும். ஹார்டு கோட் பேனலில் இதற்கு நேர்மாறு. நான்கைந்து சுற்றிலும் எதுவும் நகரவில்லை என்றால் கரடான பாலிஷுக்குத் தாவத் தோன்றும். அங்கே நிறுத்துவதுதான் சரி. பூச்சு எவ்வளவு தடிமன் என்று தெரியாமல் வெட்டிக்கொண்டே போவது புத்திசாலித்தனமல்ல.

நகம் தடுக்கும் கீறலுக்கு 3000, பிறகு 5000 கிரிட் (எண் கூடக்கூட நுண்மை கூடும்) உப்புத்தாளை ஈரத்தோடு போடும் வழி இருக்கிறது. பூச்சில்லாத பிளாஸ்டிக்கில் மட்டும், பேனலைக் கழற்றி மேஜையில் வைத்து மட்டும். தட்டையான மென்மையான ஃபோம் கட்டையில் தாளைச் சுற்றி, கீறலைவிட அகலமான இடத்தில் பரவலாகத் தேய்க்க வேண்டும். கீறலின் மேலேயே தேய்த்தால் குழி விழும். அப்படியும் முழுதாகப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். விளிம்புகள் மழுங்கி, நேரே உட்கார்ந்து பார்க்கும்போது தெரியாத அளவுக்கு வந்தால் போதும். பேனலைக் கழற்றுவதானால் பிளாஸ்டிக் நெம்புகோலைப் பயன்படுத்துங்கள். பக்கத்தில் ஏர்பேக் இருந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வண்டியின் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருக்காமல் எதையும் தொடாதீர்கள். பேட்டரி கழன்ற பிறகும் அந்த அமைப்பில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்.

எடுத்த பிறகு

சிலிகான் டிரஸ்ஸிங் போடாதீர்கள். வழவழப்பாக இருக்கும், தூசி வந்து ஒட்டும், மறுபடி துடைப்பீர்கள், மறுபடி கீறும். செராமிக் கோட்டிங் கைரேகை ஒட்டுவதைக் குறைக்கும், துணி சுலபமாக வழுக்கும்; துடைக்கும்போது அழுத்தம் குறைவதால் கீறலும் குறையும். ஆனால் அதன் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரானைத் தாண்டாது, மணல் துகளை அது தடுக்கும் என்று நம்ப வேண்டாம்.

உண்மையில் காப்பாற்றுவது பிபிஎஃப் (பெயின்ட் பாதுகாப்பு பிலிம்) என்ற, டிபியு எனும் நெகிழ்வான பாலியூரித்தேன் பிளாஸ்டிக்கில் செய்த ஒட்டு பிலிம்தான், தடிமன் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான். மேலே விழும் மெல்லிய கீறல்கள், தானே ஆறும் மேற்பூச்சு உள்ள பிலிமில் இளஞ்சூட்டில் மறைந்துவிடும். பல மாடல்களுக்கு வெட்டித் தயாராகவே கிடைக்கிறது, கத்தியைப் பேனல் மேல் வைக்க வேண்டியிருக்காது. ஒட்டும் முன் பாலிஷ் எண்ணெயை முழுதாக எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் ஓரங்கள் எழும்பும். ஷாம்பூ கலந்த தண்ணீரை பிலிமின் ஒட்டும் பக்கத்தில் மட்டும் தெளியுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்குவீஜியால் தண்ணீரைத் தள்ளி, பட்டன் ஓட்டை பக்கம் வரும் நீரைத் துணியால் உடனுக்குடன் ஒற்றி எடுங்கள். சின்னச் சின்ன நீர்க்குமிழிகள் சில நாளில் தானே உலர்ந்து போகும், ஊசியால் குத்தாதீர்கள். ஓரம் எங்காவது எழும்பினால் லேசாகச் சூடு காட்டி விரலால் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். முதல் இரண்டு நாள் அந்த இடத்தை ஈரத் துணியால் துடைக்க வேண்டாம்.